நடிகர்களுக்காக எழுதும் ஒரு நடிகை: யஸ்மினா ரேஸாவும் பாரிஸின் இரண்டு அரங்குகளும்

அமெரிக்க நாடக உலகின் ஆகப் பெரிய விருது டோனி. சிறந்த நாடகத்துக்கான டோனியை ஆங்கிலத்தில் எழுதாத ஒருவர் வாங்குவது அபூர்வம். யஸ்மினா ரேஸா அதை இரண்டு முறை வாங்கியிருக்கிறார்: 1998-இல் ‘ஆர்ட்’ நாடகத்துக்கு, 2009-இல் ‘காட் ஆஃப் கார்னேஜ்’ என்று ஆங்கிலத்தில் அறியப்படும் நாடகத்துக்கு. இரண்டும் பிரெஞ்சில் எழுதப்பட்டவை. அவருடைய எழுத்து 35-க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயிருக்கிறது. இன்றைய பிரெஞ்சு நாடக ஆசிரியர்களில் உலகெங்கும் அதிகம் மேடையேறுகிறவர்கள் யார் என்று கேட்டால் அவர் பெயர் முதல் வரிசையில் வரும். ஆனால் பாரிஸில், நாடகத்தைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளும் வட்டாரத்தில், ரேஸா என்று பேச்செடுத்தாலே ரொம்ப காலம் உதட்டைப் பிதுக்கினார்கள்.

பொறாமை என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம்தான். ஆனால் விஷயம் அதைவிடச் சுவாரசியமானது. பாரிஸ் நாடக உலகம் பாகம் பிரித்துக்கொண்ட குடும்பம் போல இரண்டு வீடாகக் கிடக்கிறது. ரேஸா புகழ் பெற்றது அறிவாளிகள் எட்டிப் பார்க்காத வீட்டில். அதோடு, எழுதத் தொடங்கும் முன் அவர் நடிகை. தன் நாடகங்களைத் தானே இயக்க ஆரம்பித்தபோது ஐம்பதை நெருங்கியிருந்தார். நடிகை, நாடக ஆசிரியர், இயக்குநர் என்ற இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், அவர் எழுத்தில் பலருக்கும் லேசாகத் தெரியும் இடங்கள் ஏன் மேடையில் அவ்வளவு கனக்கின்றன என்பது பிடிபடும்.

1959 மே 1-ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். அப்பா ஈரானிய வேர்கள் கொண்ட யூதர், பொறியாளர், தொழில் செய்தவர். அம்மா ஹங்கேரியிலிருந்து வந்த வயலின் கலைஞர். வீட்டில் இசைக்குக் குறைவில்லை. பின்னாளில் ரேஸாவின் வசனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தாளம், இடைவெளி, திரும்பத் திரும்ப வரும் சொல் என்று இசையை இழுத்துவருவது வழக்கமாகிவிட்டது. அம்மா வயலின் வாசித்ததால் மகளுக்கு வசனம் வந்தது என்பது எனக்குக் கொஞ்சம் சுலபமான கணக்காகப் படுகிறது. அதைவிட நேரடியான காரணம் அவர் படித்த பள்ளியில் இருக்கிறது.

நாந்தேர் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் நாடகமும் படித்தவர், ழாக் லெகோக்கின் நாடகப் பள்ளியிலும் பயிற்சி பெற்றார். லெகோக் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து நாடகத்துக்கு வந்தவர். 1956-இல் அவர் தொடங்கிய பள்ளி, 1976-இல் ஃபோபூர் சென் தெனி தெருவில் ஒரு காலத்தில் குத்துச்சண்டை நடந்த கூடத்துக்குக் குடிபோனது. அங்கே ஆரம்பத்தில் வசனமே கிடையாது. எந்த உணர்ச்சியும் காட்டாத ‘நடுநிலை முகமூடி’ ஒன்றை மாட்டிக்கொண்டு நிற்கவும் நடக்கவும் திரும்பிப் பார்க்கவும் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். அப்புறம் வேறு வகை முகமூடிகள், கோரஸ், கடைசியில் கோமாளி. பிரெஞ்சு இயக்குநர் அரியான் முனுஷ்கின் அங்கே படித்தவர். லண்டன் இயக்குநர் சைமன் மக்பர்னியும் அப்படித்தான். அவர்கள் இருவரும் உடல்மொழி நிறைந்த, பெரிய காட்சிகள் கொண்ட நாடகத்தின் பக்கம் போனார்கள். ரேஸா போனது எதிர்த் திசையில்: சோபா, காபி மேசை, மூன்று நான்கு பேர், ஓயாத பேச்சு.

ஆனாலும் லெகோக் பள்ளி அவரை விட்டுப் போகவில்லை. ‘ஆர்ட்’ நாடகத்தில் மூன்று நண்பர்கள் கன்னாபின்னாவென்று சண்டை போட்டு ஓய்ந்த பிறகு ஒரு கிண்ணத்திலிருந்து ஆலிவ் பழங்களை எடுத்துச் சாப்பிடுகிறார்கள். யாரும் பேசுவதில்லை. கொட்டைகள் கிண்ணத்தில் விழும் சத்தம் மட்டும். எழுத்தில் அது ஒன்றிரண்டு வரி. மேடையில் அரங்கமே குலுங்கிச் சிரிக்கும் நிமிடங்கள் அவை. மேசையில் உட்கார்ந்து கதை யோசிக்கும் எழுத்தாளருக்கு இந்த இடம் தோன்றியிருக்காது. பேச்சு நின்றபின் உடம்பு என்ன செய்யும் என்று பயின்றவருக்குத்தான் தோன்றும்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் அவர் நடிகையாகவே வேலை பார்த்தார். மொலியேர், மரிவோ என்று பழைய நாடகங்களிலும், புதிய நாடகங்களிலும் வேடங்கள்; சினிமாவில் சிறு பாத்திரங்கள். நட்சத்திரமாகவில்லை. நடிகரின் பிழைப்பில் நடிக்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் அதிகம். யாராவது கூப்பிட வேண்டும், யாருக்காவது நம் முகம் பிடிக்க வேண்டும். எழுதுவதற்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

முதல் நாடகம் 1987-இல் பாரிஸ்-விலெத் அரங்கில் மேடையேறியது. தலைப்பைத் தமிழில் ‘அடக்கத்துக்குப் பிந்தைய உரையாடல்கள்’ என்று சொல்லலாம். அப்பாவைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு மூன்று பிள்ளைகளும் உறவினர் சிலரும் கிராமத்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவே ஒரு பெண் விவகாரம், ஆறாமல் கிடக்கிறது. அழுகை உண்டு, ஆனால் நாடகத்தின் நடுப்பகுதி நடப்பது காய்கறி நறுக்கிக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கறி வேகவைத்துக்கொண்டு. துக்க வீட்டில் எல்லோருக்கும் பசிக்கும் என்ற, யாரும் வெளியே சொல்லாத உண்மையை வைத்துக் கட்டிய நாடகம். இயக்கியவர் பத்ரீஸ் கெர்ப்ரா. அவரும் நடிப்பிலிருந்து வந்தவர். அடுத்த பல ஆண்டுகள் ரேஸாவின் நாடகங்களைப் பாரிஸில் மேடையேற்றியவர். அந்த ஆண்டுதான் பிரெஞ்சு நாடகத்துக்கான மொலியேர் விருதுகள் தொடங்கின. முதல் ஆண்டிலேயே ஆசிரியருக்கான விருது 28 வயது ரேஸாவுக்கு.

அடுத்த ஆண்டு, காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதைக்கு ஸ்டீவன் பெர்காஃப் எழுதிய மேடை வடிவத்தை அவர் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தார். பூச்சியாக மாறும் கிரெகோராக நடித்தவர் இயக்குநர் ரோமன் பொலான்ஸ்கி. இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து இந்த அறிமுகம் வேறொரு இடத்தில் பலன் தந்தது. ரேஸாவின் இரண்டாவது நாடகத்துக்கும் ஒரு மொலியேர் கிடைத்தது. இதுவரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது: மரியாதையான அரங்குகள், மரியாதையான விமர்சனங்கள், அளவான கூட்டம்.

இங்கே கொஞ்சம் நின்று அந்த இரண்டு வீடுகளைப் பார்த்துவிடுவோம்.

ஒரு பக்கம் அரசு மானியத்தில் ஓடும் பொது அரங்குகள். கொமெதி பிரான்சேஸ், ஓதியோன், ஷாயோ, லா கொலின், ஸ்ட்ராஸ்பூர்க் தேசிய அரங்கு, அப்புறம் நாடெங்கும் பரவியிருக்கும் நாடக மையங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த ஏற்பாடு இது. 1947-இல் அவிஞ்ஞோன் விழாவைத் தொடங்கிய ழான் விலார், நாடகம் என்பது தண்ணீர், மின்சாரம் மாதிரி ஒரு பொதுச் சேவை என்று வாதாடியவர். அந்தக் கொள்கையில் வளர்ந்த அரங்குகள் இவை. டிக்கெட் விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நெருக்கடி குறைவு. சோதனை செய்யலாம், தோற்கலாம். எழுபதுகள், எண்பதுகளில் இந்த வீட்டின் எஜமானர்கள் இயக்குநர்கள். அந்த்வான் வித்தேஸ், பத்ரீஸ் ஷெரோ போன்றவர்களின் பெயரைப் பார்த்துத்தான் கூட்டம் வந்தது. நாடகத்தை எழுதியவர் பெரும்பாலும் செத்துப்போன மேதையாக இருப்பார். உயிரோடு இருக்கும் எழுத்தாளருக்கு ஷெரோ மாதிரி ஒரு பெரிய இயக்குநரின் கை கிடைத்தால் வாழ்வு. நாடக ஆசிரியர் கோல்தேஸுக்கு அப்படிக் கிடைத்தது.

மறு பக்கம் பாரிஸின் தனியார் அரங்குகள், சுமார் ஐம்பது. சிவப்பு வெல்வெட் நாற்காலி, தங்கப்பூச்சு மாடங்கள், சுவரொட்டியில் நட்சத்திர நடிகர்களின் முகம். டிக்கெட் விற்காவிட்டால் சில வாரங்களில் நாடகத்தைத் தூக்கிவிடுவார்கள். இவற்றுக்கென்று 1964-இல் ஒரு ஆதரவு நிதி ஏற்படுத்தப்பட்டது என்றாலும், சூதாட்டம் முதலாளியுடையதுதான். இங்கே நடப்பதற்கு ‘பூல்வார் நாடகம்’ என்று பேர். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் அகன்ற சாலைகளில் இருந்த கொட்டகைகளின் ஞாபகமாக ஒட்டிக்கொண்ட பேர் அது. கள்ளக்காதல், திடீரென்று திறக்கும் கதவு, சுறுசுறுப்பான பதிலடி. ஃபெய்தோவும் கித்ரியும் வளர்த்த கலை. அறிவாளிகளிடம் ‘பூல்வார்’ என்றால் அது வர்ணனை இல்லை, வசவு.

1994 அக்டோபரில் ‘ஆர்ட்’ அரங்கேறியது இந்த இரண்டாவது வீட்டில்: கொமெதி தே ஷான்செலிசே என்ற தனியார் அரங்கில். நடித்த மூவரும் பிரபலம்: பியேர் வானெக், ஃபாப்ரிஸ் லுக்கினி, பியேர் அர்திதி.

கதை இவ்வளவுதான். செர்ஜ் ஒரு தோல் மருத்துவர். ஒரு நவீன ஓவியத்தை 2 லட்சம் பிராங்க் கொடுத்து வாங்குகிறார். ஓவியம் முழுக்க வெள்ளை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் குறுக்கே சில வெள்ளைக் கோடுகள் தெரியலாம். பதினைந்து வருஷ நண்பர் மார்க் அதைப் பார்த்ததும் வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையில் தன் கருத்தைச் சொல்லிவிடுகிறார். மூன்றாவது நண்பர் இவான், சீக்கிரம் கல்யாணம் ஆகப்போகிறவர், இரண்டு பக்கமும் தலையாட்டி இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார். இந்த விதை ரேஸாவின் சொந்த வாழ்க்கையிலிருந்தே வந்தது. தோல் மருத்துவரான நண்பர் ஒருவர் வெள்ளை ஓவியம் ஒன்றை வாங்கினார்; விலையைக் கேட்டு ரேஸா விழுந்து விழுந்து சிரித்தார்; நண்பரும் கூடவே சிரித்ததால் நட்பு பிழைத்தது. அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே நாடகம்.

நவீன ஓவியத்தைக் கிண்டல் செய்யும் நாடகம் என்று நினைத்துக்கொண்டு கைதட்டியவர்கள் உண்டு. அப்படி நினைத்துக்கொண்டு கோபப்பட்டவர்களும் உண்டு. பிற்போக்கு ரசனைக்குத் தீனி போடுகிறார் என்று பாரிஸ் விமர்சகர்களில் ஒரு பிரிவினர் அவரைச் சாடியது இதனால்தான். ஆனால் நாடகம் மார்க்கின் கட்சியில் இல்லை. அவருடைய கோபத்துக்கும் ஓவியத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. செர்ஜுக்கு எது பிடிக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் தீர்மானித்தது தான்தான், இப்போது தன்னைக் கேட்காமல் அவருக்கு ஒன்று பிடித்துவிட்டது: இதுதான் மார்க்கைக் குத்துகிறது. நட்பில் யார் யாருக்கு எஜமானர் என்ற கேள்வி. நத்தாலி சாரோத் எண்பதுகளின் தொடக்கத்தில் எழுதிய ஒரு சிறு நாடகத்தில், ஒரு நண்பர் ஏதோ ஒரு சொல்லை இழுத்துச் சொன்ன தொனிக்காகவே இன்னொருவர் உறவை முறித்துக்கொள்வார். அந்த மரபில் வைத்துப் பார்க்க வேண்டிய நாடகம் ‘ஆர்ட்’. சாரோத்தைப் பொது அரங்குகளின் ரசிகர்கள் கும்பிட்டார்கள். ரேஸாவுக்கு வெல்வெட் நாற்காலிகளின் சிரிப்புச் சத்தம் எதிராகப் போயிற்று.

நடிகை எழுதியது என்பதற்கு இவானின் பாத்திரமே சாட்சி. நாடகத்தின் நடுவே அவர் தாமதமாக ஓடி வந்து, கல்யாணப் பத்திரிகையில் யார் யார் மாற்றாந்தாய் பெயர் போட வேண்டும் என்று வீட்டில் நடந்த சண்டையை மூச்சுவிடாமல் கொட்டுகிறார். பக்கம் பக்கமாகப் போகும் ஒரே பேச்சு. கதைக்கு அது தேவையே இல்லை, எடுத்துவிட்டாலும் நாடகம் நிற்கும். ஆனால் மூன்று பேரில் பலவீனமான பாத்திரத்தை ஏற்கும் நடிகருக்கு அது ஒரு பரிசு. மேடையில் ஓரமாக நின்று மற்ற இருவரின் சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவருக்கு, அரங்கத்தையே கையில் எடுத்துக்கொள்ள ஒரு பொழுது. சின்ன வேடங்களில் காத்திருந்தவர்தான் இப்படிப் பங்கு பிரித்துக் கொடுப்பார்.

1995-இல் ‘ஆர்ட்’ சிறந்த ஆசிரியர், சிறந்த தனியார் அரங்கத் தயாரிப்பு என்று மொலியேர் விருதுகளை வாங்கியது. அதே ஆண்டு பெர்லினின் ஷௌபூனே அரங்கில் ஜெர்மன் வடிவம் மேடையேறியது. ஷௌபூனே ஜெர்மனியின் மிகத் தீவிரமான மேடைகளில் ஒன்று. பாரிஸில் வியாபார நாடகம் என்று முத்திரை குத்தப்பட்டது, ரைன் நதியைத் தாண்டியதும் உயர்கலை ஆகிவிட்டது!

லண்டனுக்குப் போன வழி இன்னும் வேடிக்கை. நடிகர் ஷான் கானரியின் மனைவி பாரிஸில் நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல, கானரி உரிமையை வாங்கினார். தயாரிப்பாளர்களில் ஒருவரும் ஆனார். கிறிஸ்டோபர் ஹாம்ப்டன் மொழிபெயர்க்க, மாத்யூ வார்ச்சஸ் இயக்க, ஆல்பர்ட் ஃபின்னி, டாம் கோர்ட்னி, கென் ஸ்டாட் நடிக்க, 1996-இல் விண்டம்ஸ் அரங்கில் தொடங்கியது. ஆறு வருஷத்துக்கும் மேல் ஓடியது. சில மாதங்களுக்கு ஒரு முறை மூன்று நடிகர்களையும் மாற்றிக்கொண்டே போனார்கள், புது முகங்களைப் பார்க்கப் பழைய ரசிகர்களே திரும்பி வந்தார்கள். சிறந்த நகைச்சுவை நாடகத்துக்கான ஒலிவியே விருது கிடைத்தபோது, நான் எழுதியது துன்பியல் நாடகம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன் என்ற அர்த்தத்தில் ரேஸா சொன்னது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. கிண்டலாகச் சொன்னாலும் உள்ளே கொஞ்சம் வருத்தம் உண்டு. லண்டனில் ஆட்கள் மிக அதிகமாகச் சிரித்தார்கள். ஹாம்ப்டனின் வசனத்தில் ஆங்கிலேயரின் நறுக்கென்ற நகைச்சுவை ஏறியிருந்தது. நியூயார்க்கில் ஆலன் ஆல்டா, விக்டர் கார்பர், ஆல்ஃபிரட் மொலினா நடித்தது 600 காட்சிகள் ஓடி, முதல் டோனியைக் கொண்டுவந்தது.

இவ்வளவு பரவியதற்குக் கலை சாராத ஒரு காரணமும் உண்டு. மூன்று நடிகர்கள், ஒரே அறை, சுவரில் மாற்றிவிட ஒரு படம், இடைவேளை இல்லாமல் ஒன்றரை மணி நேரம். பெரிய அரங்குக்கு லாபம், சிறு ஊர்க் குழுவுக்கும் கட்டுப்படியாகும். நாற்பது, ஐம்பது, அறுபது என்று எந்த வயது நடிகரும் ஏற்கலாம். பெரிய நட்சத்திரம் சினிமாவுக்கு நடுவே சில வாரம் ஒதுக்கி நடித்துவிட்டுப் போகலாம். ரேஸா கணக்குப் போட்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தனியார் அரங்கின் பொருளாதாரம் அவர் எழுத்தின் அளவையும் வடிவத்தையும் செதுக்கியிருக்கிறது.

‘ஆர்ட்’டுக்கு அடுத்த ‘தற்செயலின் மனிதன்’ (1995), பாரிஸிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போகும் ரயில் பெட்டியில் எதிரெதிரே இருக்கும் இருவரைப் பற்றியது. ஒருவர் எழுத்தாளர். எதிரே இருக்கும் அம்மாள் அவருடைய நாவலைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எடுக்கத் தயங்குகிறார். கடைசிப் பகுதி வரை இருவரும் தங்களுக்குள்தான் பேசிக்கொள்கிறார்கள். மெல்லிய நாடகம், எனக்குப் பிடித்தது.

2000-இல் வந்த ‘வாழ்க்கையின் மூன்று வடிவங்கள்’ வேறு வகை. வியன்னாவில் லுக் போந்தி இயக்க, பாரிஸில் கெர்ப்ரா இயக்க, லண்டனில் வார்ச்சஸ் இயக்க, சில வாரங்களுக்குள் மூன்று தலைநகரங்களில் மேடையேறியது. ஒரு விண்ணியற்பியலாளர் வீட்டுக்கு, அவர் பதவி உயர்வைக் கையில் வைத்திருக்கும் மனிதர் மனைவியோடு ஒரு நாள் முன்னதாகவே விருந்துக்கு வந்துவிடுகிறார். வீட்டில் சமைக்கவில்லை, உள்ளே குழந்தை தூங்காமல் கத்துகிறது. இதே மாலை மூன்று முறை நடக்கிறது, ஒவ்வொரு முறையும் சின்னச் சின்ன வித்தியாசங்களோடு. முதல் தடவை அபாரம், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதில் காற்று இறங்கிவிடுகிறது என்பதே என் கருத்து. ஆனால் பாரிஸ் தயாரிப்பில் கவனிக்க ஒன்று இருந்தது. நான்கு பேரில் ஒருவராக ரேஸாவே நடித்தார், கேத்ரின் ஃப்ரோ, ரிஷார் பெர்ரி போன்றவர்களோடு. உலகப் புகழ் வந்த பிறகும் ராத்திரிதோறும் மேடையேறித் தன் வசனத்தைத் தானே பேசிப் பார்க்கிற எழுத்தாளர்கள் அதிகமில்லை. 2004-இல் போந்தி இயக்கிய ‘ஒரு ஸ்பானிய நாடகம்’ இன்னும் ஒரு படி போனது. நடிகர்கள் ஒரு நாடகத்தில் நடித்துக்கொண்டே, நடுநடுவே வெளியே வந்து நடிப்பைப் பற்றியும் எழுதியவரைப் பற்றியும் புலம்புகிறார்கள். அதையே மாற்றி 2010-இல் ‘சிகாஸ்’ என்று சினிமாவாக இயக்கினார். அது நாடகங்கள் அளவுக்குப் பேசப்படவில்லை.

பிறகு வந்தது ‘காட் ஆஃப் கார்னேஜ்’. 2006 டிசம்பரில் சூரிக்கில், ஜெர்மன் மொழியில், யுர்கன் கோஷ் இயக்கத்தில் முதல் அரங்கேற்றம். ஒரு பிரெஞ்சு நாடகம் பிரெஞ்சில் அரங்கேறும் முன் ஜெர்மனில் அரங்கேறியதிலிருந்தே அவர் எந்த ஊரில் நிம்மதியாக இருந்தார் என்று ஊகிக்கலாம். பாரிஸில் 2008 ஜனவரியில், தனியார் அரங்கான தெயாத்ர் அந்த்வானில் மேடையேறியபோது இயக்குநர் என்ற இடத்தில் ரேஸாவின் பெயரே இருந்தது. முக்கிய வேடத்தில் இசபெல் உப்பேர்.

பதினொரு வயதுப் பையன்கள் இருவர் பூங்காவில் சண்டை போட்டு, ஒருவன் மற்றவனின் இரண்டு பற்களைக் கம்பால் உடைத்துவிடுகிறான். இரு வீட்டுப் பெற்றோரும் நாகரிகமாகப் பேசித் தீர்க்கக் கூடுகிறார்கள். நடந்ததை எழுதி வைக்கும் அறிக்கையில் பையன் கம்போடு ‘ஆயுதபாணியாக’ வந்தான் என்பதா, சும்மா ‘கம்போடு’ என்பதா என்பதில் முதல் உரசல். வக்கீலான ஓர் அப்பா, பக்கவிளைவு வெளிவந்துவிட்ட ஒரு மருந்தைக் காப்பாற்ற போனிலேயே இருக்கிறார். இன்னொரு அப்பா மகளின் வெள்ளெலியைத் தெருவில் விட்டுவிட்டு வந்தவர். ஆப்பிரிக்காவின் துயரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதும் அம்மாவின் விலையுயர்ந்த ஓவியப் புத்தகத்தின்மேல் மற்ற அம்மா வாந்தி எடுக்கிறார். அணிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன: குடும்பத்துக்கு எதிராகக் குடும்பம், ஆண்களுக்கு எதிராகப் பெண்கள், கடைசியில் ஒவ்வொருவரும் தனித்தனி. ரம் பாட்டில் திறந்த பிறகு நாகரிகம் மிச்சமில்லை.

படிக்கும்போது இது மத்தியதர வர்க்கத்தை வைத்துச் செய்யும் பழகிய கிண்டலாகத் தோன்றலாம், அந்தக் குற்றச்சாட்டில் நியாயமும் உண்டு. ரேஸாவின் மனிதர்கள் பெரும்பாலும் வசதியான நகரவாசிகள், மருத்துவர், வக்கீல், விஞ்ஞானி, எழுத்தாளர். வாடகை கட்ட முடியாமல் யாரும் தவிப்பதில்லை. ஆனால் மேடைக் குறிப்பில் அவர் யதார்த்தம் வேண்டாம், தேவையில்லாத பொருள் எதுவும் வேண்டாம் என்று எழுதுகிறவர். நாற்காலியும் பூச்சாடியும் தவிர நடிகர் ஒளிந்துகொள்ள இடமில்லை. நான்கு பேரும் ஏறக்குறைய முழு நேரமும் மேடையிலேயே இருக்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்ற மூவரும் பார்வையாளர் கண்ணெதிரே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நியூயார்க் தயாரிப்பில் ஜெஃப் டேனியல்ஸ், ஹோப் டேவிஸ், ஜேம்ஸ் காண்டோல்ஃபினி, மார்சியா கே ஹார்டன் என்று நான்கு பேருமே முதன்மை நடிப்புக்கான டோனிக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள், ஹார்டன் வென்றார். நால்வரில் யார் துணை நடிகர் என்று தேர்வுக் குழுவால் பிரிக்க முடியாதபடி எழுதப்பட்ட நாடகம் அது. 2011-இல் பொலான்ஸ்கி இதைப் படமாக்கினார், திரைக்கதையில் ரேஸாவும் சேர்ந்தார். கதை புரூக்ளினுக்கு மாறியது, ஆனால் பொலான்ஸ்கி அமெரிக்காவுக்குள் காலடி வைக்க முடியாத நிலையில் இருந்ததால் படப்பிடிப்பு பாரிஸில். தழுவலுக்கான செசார் என்ற பிரெஞ்சு சினிமா விருது இருவருக்கும் கிடைத்தது.

இடையே அரசியல் பக்கம் ஒரு சுற்று. நிக்கோலா சார்க்கோஸியின் 2007 அதிபர் தேர்தல் பிரசாரத்தில் அவர் பின்னாலேயே ஒரு வருஷம் போய், ஒரு புத்தகம் எழுதினார். கொள்கை, கட்சி எதுவும் பெரிதாக அதில் இல்லை. மேடையேறும் முன் ஒரு மனிதன் எப்படித் தோளை நிமிர்த்துகிறான், கூட்டம் கலைந்ததும் முகம் எப்படி விழுகிறது: இதைத்தான் கவனித்திருந்தார். அரசியல் விமர்சகர்கள் ஏமாந்தார்கள். நடிகை இன்னொரு நடிகரைப் பார்த்து எழுதிய குறிப்புகள் என்று எடுத்துக்கொண்டால் நல்ல புத்தகம். நாவல் பக்கமும் அவர் கவனம் கூடியது. ‘பாபிலோன்’ நாவல் 2016-இல் ரெனோதோ என்ற பிரெஞ்சு இலக்கியப் பரிசை வாங்கியது.

இயக்குநராக 2008-க்குப் பிறகு ஒரு முறைமை உருவாகிவிட்டது. புதிய நாடகத்தை முதலில் ஜெர்மன் மேடை செய்யும், பிறகு பிரெஞ்சில் ரேஸா தானே இயக்குவார். ‘பெல்லா ஃபிகுரா’ அப்படித்தான்: 2015-இல் ஷௌபூனேவில் தாமஸ் ஓஸ்டர்மையர் இயக்கம், நீனா ஹோஸ் நடிப்பு, 2017-இல் ரேஸா இயக்கிய பிரெஞ்சு வடிவத்தில் எமானுவேல் தெவோஸ். அந்த்ரே மார்கோன், மிஷா லெஸ்கோ, ஜோசியான் ஸ்தொலேரு ஆகியோர் திரும்பத் திரும்ப வருகிறார்கள். பெயர்ப் பலகை இல்லாத ஒரு நாடகக் குழு என்றே சொல்லலாம். இயக்குநராக அவர் கண்டுபிடிப்பாளர் இல்லை. ஒளியாலும் அரங்க அமைப்பாலும் அசத்தும் வேலை அவருடையதல்ல. வார்ச்சஸின் வேகமோ கோஷின் முரட்டுத்தனமோ அதில் இருக்காது. சிரிப்பைச் சற்று அடக்கி, மௌனத்தைச் சற்று நீட்டி, தன் நாடகங்களைத் துன்பியலின் பக்கம் நகர்த்துவதுதான் அவர் செய்வது. லண்டன் சிரிப்புக்கு அவர் சொல்ல நினைத்த பதில் இந்த இயக்கங்களில் கிடைக்கிறது.

அப்புறம் பொது அரங்கின் கதவும் திறந்தது. லா கொலின் இன்றைய எழுத்துக்கென்றே உள்ள தேசிய அரங்கு. அதன் பொறுப்புக்கு 2016-இல் வந்த வஜ்தி முவாவாத், நடிகர், எழுத்தாளர், இயக்குநர் மூன்றும் ஆனவர். அங்கே 2020 மார்ச்சில் ரேஸா எழுதி இயக்கிய ‘அழகி ஆன்-மரி’ தொடங்கியது, பெருந்தொற்றில் அரங்குகள் மூடப்பட, பாதியில் நின்றது. ஒரே பாத்திரம். வடக்கத்திச் சிற்றூரிலிருந்து பாரிஸ் வந்து, வாழ்நாள் முழுக்கச் சின்ன வேடங்களில் நடித்து, நட்சத்திரமான தோழியின் நிழலில் இருந்த ஒரு கிழட்டு நடிகை. தோழி செத்துப்போனபின் அவள் பேசும் பேச்சு. அந்தக் கிழவியாக நடித்தவர் மார்கோன், ஓர் ஆண். வேஷம் கட்டிக் கேலி செய்யும் தொனி துளியும் இல்லை. நடிகைக்கு வயதாகும்போது உலகம் முதலில் பார்ப்பது அவள் முகத்தை; ஆணை நிறுத்தியதும் அந்த அளவுகோல் விழுந்துவிட, பேச்சு மட்டும் மிஞ்சுகிறது. அவர் எழுதியவற்றில் எனக்கு இதுதான் உச்சம். மேடையில் இதுவரை காப்பி மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மருத்துவர்களும் வக்கீல்களும் இதில் இல்லை.

2023-இல் அதே லா கொலினில் அடுத்தது: ‘ஜேம்ஸ் பிரவுன் தலைமுடிக்குச் சுருள் போட்டுக்கொள்வார்’. தன்னைப் பாடகி செலின் தியோன் என்று நம்பும் இளைஞன் ழாகோப், மனநலக் காப்பகத்தில். செய்வதறியாமல் பார்க்க வரும் அப்பா அம்மா. வெள்ளைக்காரனாகப் பிறந்து தன்னைக் கறுப்பன் என்று நம்பும் ஒரு சக நோயாளி. ழாகோபாக மிஷா லெஸ்கோ, அப்பா அம்மாவாக மார்கோனும் ஸ்தொலேருவும். இந்தக் குடும்பம் முதலில் வந்தது அவருடைய 2013 நாவல் ஒன்றில். அடையாளம் பற்றிய இன்றைய சர்ச்சைகளில் அவர் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பார்த்தவர்களுக்கு நாடகம் பதில் தரவில்லை, 1994-இல் வெள்ளை ஓவியத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்குத் தராத மாதிரியே. தனியார் அரங்கும் அவரை விடவில்லை. 2018-இல் பாரிஸிலும் 2025-இல் நியூயார்க்கிலும் ‘ஆர்ட்’ மறுபடி மேடையேறியது, நியூயார்க்கில் பாபி கனாவாலே, ஜேம்ஸ் கோர்டன், நீல் பாட்ரிக் ஹாரிஸ் நடிக்க. மூவரில் கல்யாணப் பத்திரிகைப் பேச்சு கோர்டனுக்கு வந்தது.